எட்டு

ஜனவரி மூன்று. வெளியே மைனஸ் இருபத்தாறு.
முன்கதவு உறைந்து திறக்க மறுத்ததால்
காரின் பின்பக்கமாக ஏறி
ஸ்டியரிங் வரைக்கும் தவழ்ந்து
ஹால்வர்சன் கல்லூரி அரங்கத்துக்கு வந்து சேர்ந்தேன்.
ஏழாம் பகுதி, கே வரிசை.
இருக்கைக்கு அடியில் யாரோ என்றோ ஒட்டிய சூயிங்கம்
என்னைவிட மூத்த ரசிகன்.

கான்ஃபரன்ஸில் பத்து அணிகள்.
ஆளுக்குப் பதினெட்டு ஆட்டம்.
முதல் எட்டு அணிகளுக்கு மார்ச்சில் தொடர்.
எட்டுக்குள் வருவது என்ன பெரிய மலையா
என்று பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பக்கத்து இருக்கை எல்டன் ஹாகன்,
ஊரில் பாதிக் குழாய்களை மாட்டியவர், இப்போது ஓய்வு.
பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும்போதெல்லாம்
எழுந்து நின்று கத்துவார்:
"எட்டு! எட்டு!"
ஆறடி பத்தங்குலம் வளர்ந்த டோபின் ரென்க்விஸ்ட்
கையைத் தூக்க அனுமதி கேட்பவன்போல்
கீழேயே நிற்பான்.

முதல் ஆட்டம் இரண்டு புள்ளியில் போயிற்று.
அடுத்தது பதினேழில்.
மூன்றாவதைப் பற்றி நான் பேசுவதாயில்லை.
நான்காவது வெளியூரில்.
சர்க்கரை ஆலையின் எடைமேடைக் கூண்டுக்குள்
ரேடியோவோடு உட்கார்ந்திருந்தேன்.
பீட் கிழங்கு லாரிகள் வரிசையில் உறுமிக்கொண்டிருக்க
கடைசி நொடியில் நாங்கள் எறிந்த பந்து
வளையத்தை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு
வேண்டாமென்று வெளியே இறங்கியது.
இருபத்தைந்து டன்னுக்கு
இருநூற்றைம்பது என்று சீட்டு எழுதிவிட்டேன்.
ஓட்டுநர் சிரிக்கவில்லை.
"இவ்வளவுக்கும் காசு வருமென்றால்
நீங்கள் தினமும் ரேடியோ கேளுங்கள்" என்றார்.

பிப்ரவரியில் ஏதோ நடந்தது.
கோச் மீசையை எடுத்ததுதான் காரணம் என்கிறவர்கள் உண்டு.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
கார்டு ஆடுகிறவனுக்குக் கணுக்கால் பிசகியது,
பெஞ்சின் கடைசியில் துண்டு மடித்துக்கொண்டிருந்த
அன்சன் டெகோட்டோ உள்ளே வந்தான்.
டர்ட்டில் மவுண்டன் பையன்.
அடுத்த ஆட்டத்துக்கு அவன் சித்திகள் ஆறு பேர்
மூன்று மணி நேரம் பனியில் வேன் ஓட்டிவந்து
எங்களுக்கு முன்வரிசையில் அமர்ந்தார்கள்.
நடுவரின் கண்ணைப் பற்றி அவர்கள் சொன்னதை
நான் ஆலையில் இன்னமும் பயன்படுத்துகிறேன்.
அன்சன் பார்க்காமலே பந்து கொடுப்பான்.
ரென்க்விஸ்ட் கையைத் தூக்கினால் பந்து அங்கே இருக்கும்.
அதனால் தூக்கப் பழகினான்.
ஐந்து வெற்றி.

இரவு வேலையில் எடைச்சீட்டின் பின்பக்கமெல்லாம் கணக்கு.
கடைசி நாளுக்கு ஒரே ஒரு வழிதான் மிஞ்சியது:
நாங்கள் ஜெயிக்க வேண்டும்,
நூறு மைல் தள்ளி பிரெக்மூர் தோற்க வேண்டும்.

நாங்கள் ஜெயித்தோம். நான்கு புள்ளியில்.
பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தபோது
என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
எல்டனுடையதும். வரிசை முழுக்க எல்லோருடையதும்.
பிரெக்மூர், கூடுதல் நேரத்தில், ஒரு புள்ளியில்.

அவர்களுக்கு இன்னும் தெரியாது.
எங்கள் மூவாயிரம் பேருக்கும் தெரியும்.
யாரும் சொல்லிவைக்கவில்லை,
ஆனால் ஒரு கை நிற்கவில்லை.
தட்டினோம். உள்ளங்கை எரியத் தட்டினோம்.
சித்திகள் நாற்காலிமேல் ஏறித் தட்டினார்கள்.
பேண்டு வாத்தியக்காரர்கள் முடிந்த பாட்டையே
மூன்றாம் முறை ஊதினார்கள்.
ரென்க்விஸ்ட் அன்சனைத் தோளில் தூக்க
அவன் வளையத்தைப் பிடித்துத் தொங்கிக்
காலை ஆட்டினான்.
இரண்டு நிமிடம் இருக்கும்.
பிறகு உதவிக் கோச் ஒருவர்
தலையைக் குனிந்துகொண்டு
மைதானத்துக்குள் நடக்கத் தொடங்கினார்.

எல்டன் கத்தவில்லை.
கோட்டுக்குப் பொத்தான் போட்டபடி
வளையத்தைப் பார்த்து மெதுவாக
"எட்டு" என்றார்.
எண்ணா ஏவலா, நான் கேட்கவில்லை.

வெளியே கார்க்கதவு உறைந்திருந்தது.
பின்பக்கமாக ஏறினேன்.